தோளைக் கேட்காமல் வாங்கிய துப்பாக்கி

போன வருஷம் அக்டோபரில், ஒரு சனிக்கிழமை காலை கேட்ட சின்னச் சத்தம் ஒன்று என்னை இன்னும் விட்டபாடில்லை. தோட்டா இல்லாத துப்பாக்கியின் விசையை இழுத்தால் 'டிக்' என்று வருமே, அந்தச் சத்தம். குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் இப்போது சாரல். திண்ணையில் உட்கார்ந்தால் ரப்பர் இலைகளில் மழை விழும் ஓசை தவிர வேறொன்றும் கேட்காது. அதற்கு நடுவிலும் திடீரென்று அந்த 'டிக்' வந்து நிற்கிறது. எழுதிவிட்டால் போகுமோ என்று பார்க்கிறேன்.

என் மகள் பென்சில்வேனியாவில் இருக்கிறாள். மருமகன் மார்த்தாண்டத்துக்காரர், அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். போன வருஷம் நாங்கள் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் போனில் கேட்டார்: "மாமா, கூட வேலை செய்யுதவங்க எல்லாம் மான் வேட்டைக்குப் போறாவ. என்னையும் கூப்பிடுதாவ. வேட்டைப் படிப்பெல்லாம் படிச்சு லைசென்சும் எடுத்தாச்சு. ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வாங்கணும், ஸ்கோப்பும் சேத்து அறுநூறு டாலருக்குள்ள. நீங்க என்.சி.சி. ஆளாச்சே, எது எடுக்கலாம்?"

போல்ட் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு முறையும் பூட்டுக்கம்பியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி. ஸ்கோப், குறிபார்க்க அதன்மேல் பொருத்தும் தொலைநோக்கி. மருமகன் மாமனாரிடம் யோசனை கேட்பது அடிக்கடி நடக்கிற காரியமல்ல. அந்தச் சந்தோஷத்திலேயே எனக்குப் பாதி நிதானம் போய்விட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் கேடட்டாக இருந்தேன், பிறகு பள்ளியில் ஆசிரியராக என்.சி.சி. பொறுப்பைப் பார்த்தேன். .22 என்னும் சின்ன அளவு ரைபிளில் கொஞ்சம் சுட்டிருக்கிறேன். முகாம்களில் .303 என்னும் ராணுவ ரைபிள் சுட்டதை எல்லாம் கூட்டினால் ஐம்பது தோட்டா தேறினால் அதிகம். இந்த ஐம்பது தோட்டா அனுபவத்தை வைத்துக்கொண்டு, அமெரிக்கக் காட்டுக்கு எந்தத் துப்பாக்கி சரி என்று ஒரு மணி நேரம் பேசினேன்.

மான் வேட்டையா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். குற்றமாகவே இருக்கட்டும். பேச்சிப்பாறைக்கு மேலே மிச்சமிருக்கிற மிளா என்னும் பெரிய மான்கள் அப்படியே இருக்கட்டும். அமெரிக்காவில் கதை வேறு. வால்வெள்ளை மான் ஊருக்குள்ளேயே திரிகிறது, ரோட்டில் காரில் வந்து மோதுகிறது. யார், எந்த நாளில், எதைக்கொண்டு சுடலாம் என்பதற்கெல்லாம் அரசு விதி இருக்கிறது. தலை, நெஞ்சு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பதுவரை.

அறுநூறு டாலருக்கு என்ன கிடைக்கும்

எனக்கு முதல் ஆச்சரியம், நல்லதே கிடைக்கும் என்பது. விலை குறைந்த துப்பாக்கி என்றால் இரண்டாம் தரம் என்றுதான் நினைத்திருந்தேன். மருமகன் மூன்று பெயர்களை அனுப்பினார்: சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன், மாஸ்பெர்க் பேட்ரியட். மூன்றுமே 2010 வாக்கிலும் அதற்குப் பிறகும் வந்தவை. அதற்கு முன் அமெரிக்க வேட்டைக்காரனின் ஆசை என்றால் 1936இல் வந்த வின்செஸ்டர் 70, அல்லது 1962இல் வந்த ரெமிங்டன் 700. மரக்கட்டை, மெருகேற்றிய இரும்பு, அதற்கேற்ற விலை.

புதியவற்றில் காசு எங்கே குறைகிறது என்று தோண்டிப் பார்த்தேன். வாத்தியார் புத்தி. குழலை உடலோடு பொருத்துவதுதான் பழைய காலத்தில் கைத்தேர்ச்சி வேண்டிய வேலை. தோட்டா உட்காரும் ஆழம் மயிரிழை பிசகக் கூடாது. சாவேஜ் கம்பெனி 1958இல் 110 என்ற மாடலில் குழலைச் சுற்றி ஒரு நட்டு வைத்தது. அளவுகோலை உள்ளே வைத்து, குழலைத் திருகி, நட்டை இறுக்கினால் முடிந்தது. குழலை விலையேற்றாமல் துல்லியமாகப் பொருத்த வழி வந்துவிட்டது. இன்றைக்கு இந்த விலையில் விற்கிற பல துப்பாக்கிகளில் அந்த நட்டைப் பார்க்கலாம். கட்டை பிளாஸ்டிக், தோட்டா அடைக்கும் மேகசின் பிளாஸ்டிக். சில துப்பாக்கிகளில் முன்கட்டையைக் கையால் அழுத்தினால் வளைந்து குழலைத் தொடும். பிடிக்கும்போது அதில் கவனம் வேண்டும். குழல் மட்டும் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறது. கை வேலை போய் இயந்திர வேலை வந்ததில் அழகு குறைந்தது, குறி குறையவில்லை.

நம் ஊரில் இப்படித் தேர்ந்தெடுக்கவே வழியில்லை. .303 ராணுவ அளவு என்பதால் பொதுமக்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் .315 என்ற அளவில் அரசுத் தொழிற்சாலை செய்து விற்றது. அதற்கும் கலெக்டர் அலுவலகத்துக்கு எத்தனை நடை! அமெரிக்கக் கடையில் தூண்டில் கழிகளுக்குப் பக்கத்து அலமாரியில் ரைபிள்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கின்றன. 4473 என்று ஒரு படிவம், பிறகு பெயரைக் கம்ப்யூட்டரில் சரிபார்ப்பது. பச்சை அட்டைக்காரரான என் மருமகன் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்.

மூன்றில் எதை வாங்கினார் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கதை அந்தப் பெயரைப் பற்றியதாகிவிடும். எதை வாங்கியிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். ஏனென்றால் தவறு கம்பெனியில் இல்லை, தோட்டாவில் இருந்தது. அந்தத் தோட்டாவைச் சொன்னது நான்.

"எந்த அளவு எடுக்கட்டும் மாமா? .243, 7எம்எம்-08, .308, 30-06 எல்லாம் ஒரே விலைதான்."

"ஒரே விலைன்னா பெருசை எடும் மாப்பிள. 30-06."

அவ்வளவுதான் சொன்னேன். ஒரே விலைக்குச் சின்ன மீனை எவன் வாங்குவான் என்பதுபோல.

பாட்டாவின் தோக்கு

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். ஒரு காரணம் மிளா. மான் என்று யாராவது சொன்னால் என் மனதில் வருவது மிளாதான். இருநூறு கிலோவைத் தாண்டும் உடம்பு, எருமைக் கன்றுபோல் கழுத்து. மருமகன் சுடப்போவது அறுபது எழுபது கிலோ மான், நம் புள்ளிமானைப்போல ஒன்று. மனதில் இருந்த மிருகத்துக்குத் தோட்டா சொல்லிவிட்டேன்.

இன்னொரு காரணம் பாட்டா. அப்பாவின் அப்பா. மலையடிவாரத்தில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, போட்டிருந்தார். பன்றி வந்தால் ஒரு ராத்திரியில் தோண்டித் தள்ளிவிடும். அதற்காக லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் ஒன்று வைத்திருந்தார். எங்கள் பக்கம் அதைத் தோக்கு என்றுதான் சொல்வார்கள். தேர்தல் வந்தால் அதைச் சாக்கில் சுற்றி போலீஸ் ஸ்டேஷனில் கொண்டு ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவார். அந்த நாட்களில் பன்றிக்குத்தான் கொண்டாட்டம் என்று பாட்டி சொல்வாள். மற்ற நாட்களிலும் பாட்டா சுட்டதைவிடச் சுடாமல் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். தோட்டா விலை அப்படி.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருநாள் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தோட்டா சுட்டேன். பாட்டா பின்னால் நின்று தாங்கிக்கொண்டார். தாங்கியும் இரண்டு பேரும் ஓரடி பின்னால் போனோம். தோளில் யாரோ உலக்கையால் குத்தியதுபோல் இருந்தது. காது 'ஙொய்' என்றது.

"வலிச்சாலே மக்கா?"

"இல்ல பாட்டா."

ராத்திரி சட்டையைக் கழற்றியபோது தோள் நாவல்பழ நிறத்தில் இருந்தது. நான்கு நாள் யாருக்கும் தெரியாமல் சட்டையோடு குளித்தேன். வலிக்கவில்லை என்று சொன்ன அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் ராஜாவாக இருந்தேன் என்பது தனிக்கதை. அதன் பிறகு பாட்டா இன்னொரு தோட்டா தருகிறேன் என்று இரண்டுமுறை கூப்பிட்டார். பரீட்சை இருக்கிறது, கால் சுளுக்கு என்று ஏதோ சொல்லித் தப்பித்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

டிக்

நாங்கள் போய் ஒரு மாதம் கழித்து மருமகன் என்னைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஆளுயர மண்மேடு, அதற்கு முன்னால் இருபத்தைந்து, ஐம்பது, நூறு கெஜங்களில் காகிதக் குறிகள், இந்தப் பக்கம் கான்கிரீட் மேஜைகள். எனக்குக் கை பரபரத்தது. காரிலேயே மருமகன் சொல்லிவிட்டார்: "மாமா, நீங்க தொடக் கூடாது." பார்வையாளர் விசாவில் வந்தவன் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பது அங்கே மத்திய அரசுச் சட்டப்படி தடை. அந்த நாட்டில் எடுத்த வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. எனக்கு ஏது? ஆக, என்.சி.சி. ஆபீசர் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். கோபமாகத்தான் இருந்தது. ஆனால் நான் சுட்டிருந்தால் அன்றைக்கு எதையும் பார்த்திருக்க மாட்டேன். சுடுகிறவன் ஸ்கோப்புக்குள் பார்க்கிறான். சுடுகிறவனைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

முதல் மூன்று தோட்டா இருபத்தைந்து கெஜத்தில் சுமாராக விழுந்தன. நூறுக்குப் போனதும் சிதறல். ஒன்று இடது கீழ் மூலையில், ஒன்று அதற்கும் கீழே, ஒன்று காகிதத்திலேயே இல்லை. மானின் உயிர்நிலை என்பது ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம், ஒரு காகிதத் தட்டின் அளவு. அதற்காகவே அங்கே பலர் குறிக்காகிதம் வாங்காமல் சாப்பாட்டுத் தட்டை ஒட்டிச் சுடுகிறார்கள். மருமகனின் தட்டு பெரும்பாலும் பத்திரமாக இருந்தது.

ஸ்கோப்பின் மேல் திருகு ஒரு 'கிளிக்' திருப்பினால் நூறு கெஜத்தில் கால் அங்குலம் நகரும். அவர் எட்டுக் கிளிக் மேலே, நாலு வலது என்று திருப்பிக்கொண்டே இருந்தார். ஓட்டை இன்னொரு இடத்துக்குப் போனதே தவிர ஒன்றுகூடவில்லை. "ஸ்கோப் மட்டமாக்கும் மாமா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. திருகாணி லூசா, குழல் கட்டையில் தட்டுகிறதா என்று பின்னாலிருந்து அதிகாரம் செய்தேன். ஒரு காகித நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார்த்தார். தடையில்லாமல் வந்தது. அறுநூறு டாலருக்குள் வாங்கினால் இப்படித்தான் என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

"தோள் எப்பிடி இருக்கு மாப்பிள?"

"ஒண்ணும் இல்ல மாமா. வலிக்கல."

அந்தப் பதிலில் எனக்கு மணியடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

மேகசினில் நாலு தோட்டா. சுட்டதில் எண்ணிக்கை தவறிவிட்டது அவருக்கு. ஐந்தாவது முறை போல்ட்டைத் தள்ளிப் பூட்டி, மூச்சை அடக்கி, விசையை இழுத்தார். என் காதில் இருந்தது மருமகனின் பழைய மின்னணுக் காதடைப்பான். பெரிய சத்தத்தை அடக்கும், சின்னச் சத்தத்தை உள்ளே விடும். அதனால் தெளிவாகக் கேட்டது. 'டிக்.'

தோட்டா இல்லை, உதை இல்லை. ஆனாலும் குழலின் முனை ஒரு சாண் கீழே குத்தியது. வலது தோள் முன்னால் பாய்ந்தது. இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. அடி விழப்போகிறது என்று உடம்பு தானாகவே ஒரு நொடி முன்னால் கூசிக்கொள்கிறது. ஒவ்வொரு தோட்டாவிலும் இதுதான் நடந்திருக்கிறது, வெடியில் அது மறைந்துபோயிருக்கிறது. கேடட் பையன்களிடம் நூறுமுறை கத்தியிருக்கிறேன், விசையைப் பிடுங்காதே, அமுக்கு என்று. என் கண் முன்னால் அரைமணி நேரமாக நடந்ததை ஸ்கோப்பின் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து மேஜையில் மருமகனோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரும் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் வந்து, துப்பாக்கியை வாங்கி, மூன்று தோட்டா சுட்டார். மூன்று ஓட்டையும் நம் பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் மறையும் அளவுக்குள் இருந்தன. விலை மலிவான துப்பாக்கி தன்மேல் இருந்த வழக்கைத் தானே முடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றச் சொன்னேன். அதே நாவல்பழ நிறம்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். நான் சுட்ட .303 நாலு கிலோ எடை. இரும்பும் தேக்குக் கட்டைபோல் கனத்த மரமும். அதன் உதையில் ஒரு பங்கை அந்தக் கனமே விழுங்கிக்கொள்ளும். இந்தப் புதிய துப்பாக்கி மூன்று கிலோகூட இருக்காது. விலையைக் குறைக்க வைத்த பிளாஸ்டிக் கட்டை எடையையும் குறைத்துவிட்டது. 30-06 தோட்டாவிலோ .303ஐவிட வெடிமருந்து கூடுதல். கூடுதல் மருந்து, குறைந்த கனம், இரண்டுக்கும் நடுவில் அறுபது கிலோ மருமகன். மலிவுத் துப்பாக்கியில் உண்மையான குறை ஒன்று உண்டென்றால் இதுதான், இதை எந்த விலைப்பட்டியலிலும் போடுவதில்லை. குழலைப் பற்றி, நட்டைப் பற்றி எல்லாம் படித்தேன். தோளைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் வலிக்காது என்றுதான் சொல்லியிருப்பார். ஆண்பிள்ளைகள் துப்பாக்கியைப் பற்றி எத்தனை மணி நேரமும் பேசுவோம், இதை மட்டும் பேச மாட்டோம்.

அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு பாட்டாவின் தோக்குக் கதையைச் சொன்னேன். பரீட்சை, சுளுக்கு எல்லாவற்றையும். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மருமகன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது தோட்டாலேயே வலிச்சுது மாமா. நீங்க சொன்ன துப்பாக்கியாச்சேன்னு..." என்று நிறுத்திவிட்டார். அந்தப் பாதி வாக்கியம்தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

120 டாலர்

மென்மையான மருந்து போட்ட 30-06 தோட்டாக்கள் விற்கிறார்கள், அதை வாங்கிச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் வேண்டாம் என்றேன். ஒருமுறை கூசிய உடம்பு அந்தத் துப்பாக்கியைக் கண்டாலே கூசும். எனக்குத் தெரியும். கடையில் திருப்பிக் கொடுத்து, அதே கம்பெனி அதே மாடலை 7எம்எம்-08 அளவில் எடுத்தார். .308 தோட்டாவின் கூட்டையே கழுத்தைச் சுருக்கிச் செய்தது அது, 1980இல் கடைக்கு வந்தது. குண்டு சிறிது, உதை எவ்வளவோ குறைவு, அந்தக் காட்டு மானுக்குத் தாராளம். .243 இன்னும் மெத்தென்று இருக்கும். அதற்கும் அவர் தயாராக இருந்தார். பெரியவர்தான் 7எம்எம்-08ஐச் சொன்னார். மாற்றியதில் நஷ்டம் 120 டாலர். நான் தருகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டார்.

கூடவே ஒரு பெட்டி .22 தோட்டாவும், பெரியவரிடம் இரவலாக ஒரு பழைய .22 ரைபிளும். பிறகு போலித் தோட்டாக்கள் இரண்டு. மைதானத்தில் பெரியவர் மேகசினில் நிஜத்தையும் போலியையும் கலந்து போட்டுக் கொடுப்பார். எது எப்போது வரும் என்று சுடுகிறவருக்குத் தெரியாது. போலி வரும்போது குழல் அசைகிறதா என்று பார்ப்பது நாற்காலிக்காரனின் வேலை. ஐந்து சனிக்கிழமை அந்த வேலை பார்த்தேன். மூன்றாவது வாரம் ஒரு 'டிக்'குக்குக் குழல் அசையவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

உதயகிரிக் கோட்டை வழியாகப் போகும்போதெல்லாம் டிலனாய் நினைவு வரும். குளச்சல் போரில் 1741இல் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். அங்கே பீரங்கி வார்த்தது எல்லோருக்கும் தெரியும். முதல்முறை துப்பாக்கியைத் தோளில் வைத்த நம் ஊர்க்காரனின் கண் மூடியதை அவர் எந்த மொழியில் திட்டியிருப்பார் என்றுதான் இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

நவம்பர் பாதியில் நாங்கள் திரும்பிவிட்டோம். மழையில் வீட்டு ஓடு ஒழுகுவதாக அடுத்த வீட்டிலிருந்து தகவல். பென்சில்வேனியாவில் ரைபிள் பருவம் தொடங்குவது நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள் கழித்து வரும் சனிக்கிழமை. அன்றைக்கு நமக்கு ராத்திரி ஏழரை இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஆவலோடு திறந்தால் பனி படிந்த வெறும் காடு. "ஒண்ணு வந்துது மாமா. நடுவுல கொப்பு இருந்துது. சுடல."

அடுத்த வாரம் மகள் கூப்பிட்டாள். அறுபது கெஜத்தில் ஒரே தோட்டா, வெட்டிச் சுத்தம் செய்து குளிர்பெட்டியில் வைத்தாயிற்று. அவளுக்கு வேண்டியது அம்மா. "அம்மா, இதுல கொழுப்பே இல்ல. எப்பிடி வைக்க?" என் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். தேங்காயைச் சிவக்க வறுத்து அரை, மல்லி இவ்வளவு, நல்லமிளகு கூட, கடைசியில் தேங்காய்க் கொத்தை எண்ணெயில் பொரித்துப் போடு. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"உங்க பாட்டி மிளா எறச்சி எப்பிடி வெப்பாவ? ஆட்டுக்குப் போடுத மசாலாதானா?"

அந்தக் காலத்தில் மலையிலிருந்து யாராவது கொண்டுவந்து பாட்டி அடுப்பில் ஏறியது உண்டு. எனக்கு வாசனை மட்டும்தான் ஞாபகம். கேட்டுச் சொல்ல வீட்டில் யாரும் மிச்சமில்லை.

"ஆட்டுக்குப் போடுததையே போடச் சொல்லு" என்றேன். "மாப்பிளகிட்ட தோள் எப்பிடி இருக்குன்னு கேளு."

போனுக்குள் அவர் குரல் கேட்டது. "கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது மாமா."